பூஜ்யம், அப்புறம் ஒரு புள்ளி

ராஜபாளையத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டுத் திட்டினார்.
சஞ்சீவி ராஜா, டிராக்டர் ஒர்க்‌ஷாப்.
எங்கள் கம்பெனியிலிருந்து மெயில் போயிருக்கிறது:
பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பழைய பாக்கியை இதில் போடவும்.
போட்டுவிட்டார். அறுபத்தோராயிரத்து நானூறு.
நாலு வருஷமா மனசுல கிடந்த கடன்மா அது.
சார், கம்பெனி மூடியே நாலு வருஷம் ஆச்சு.
பின்னே எழுதினது யாரு?

கப்பலூர் ஷெட்டில் இப்போது யாரோ அட்டைப்பெட்டி அடுக்குகிறார்கள்.
சுவரில் எங்கள் பெயர்மேல் சுண்ணாம்பு;
மழை பெய்தால் ‘முத்திருள் ரப்ப’ வரைக்கும் தெரியும்.
முதலாளி கோட்டைச்சாமி மஸ்கட்டில், மகன் வீட்டில்.
மிச்சம் இணையத்தில் ஒரு பெயர்.
வருஷம் தொள்ளாயிரம், நான்தான் கட்டுகிறேன்,
விட்டால் எவனாவது எடுத்துக்கொள்வான் என்று.
விடாவிட்டாலும் எடுத்துக்கொள்வான் என்று தெரியாமல்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. பாஸ்வேர்டு என்னிடம்.
இன்லண்ட் லெட்டரில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில்
யார் பெயரையும் யாரும் எழுதலாமே, அந்தக் கதைதான்.
எழுதமாட்டேன் என்று
எங்கள் பெயர் எங்கேயும் சொல்லிவைத்திருக்கவில்லை.

அன்று ராத்திரி பழங்காநத்தத்தில் இரண்டு தரம் கரண்ட் போனது.
படித்துப் படித்து மூன்று வரி போட்டேன்.

இந்தப் பெயரில் எழுத உரிமை யாருக்கு?
ஒரு கழித்தல் குறி, ஒட்டி ‘எல்லோரும்’.
இருபது வருஷம் கணக்கு எழுதியவள்
இப்படியொரு கழித்தல் போட்டதில்லை.
இல்லை, போட்டிருக்கிறேன். கடைசி நாள்.
மஸ்டர் ரோலில் பதினேழு பேருக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு.

மீறி வந்தால் திருப்பு. ஸ்பேமில் ஒதுக்கிவைக்காதே,
வாசலோடு திருப்பு.

மூன்றாவதில் கை நின்றது.
இங்கே கடிதம் வாங்க ஆளில்லை என்பதற்கு
பூஜ்யம், அப்புறம் ஒரு புள்ளி.
ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் போட்டது:
மேலே புள்ளி வைத்தால் எழுத்தின் வாய் அடைபடும்.
க, க்.
அதற்குப் பேர்தான் மெய்.

சோதிக்க வேண்டாமா? பழைய பில்லிங் சாப்ட்வேரைத் திறந்து
கம்பெனி பெயரில் எனக்கே ஒரு மெயில் தட்டினேன்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்,
‘மேடம், இந்த மாசச் சம்பளம் போட்டாச்சா?’
எட்டு நொடி. சிவப்பில் ஒரு வரி:
எழுத உங்களுக்கு அனுமதியில்லை.

இப்போது தினம் காலையில் ஓர் அறிக்கை வருகிறது,
செத்த கம்பெனிக்கு வருகைப்பதிவேடு.
நேற்று எங்கள் பெயரில் பேச வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு.
ஊர் பேர் தெரியாத எண்கள்.
வரிசையாக ஆப்செண்ட்.
முதல் நாள் தாளில் ஓர் எண் என்னுடையது.
அதற்கும்.

ராஜபாளையத்துக்கு போன் போட்டுச் சொன்னேன்,
இனிமே எங்க பேர்ல வராது சார்.
கொஞ்ச நேரம் லேத் ஓடும் சத்தம் மட்டும்.
சரிம்மா.
என் பாக்கி இப்ப தீந்துச்சா, தீரலையா?