பச்சை நூல்

அந்த ஆளின் முகம் எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
குன்னூரிலிருந்து கோத்தகிரி வரும் ஐந்தே முக்கால் பஸ்
வண்டிச்சோலை தாண்டியதும் நின்றுவிட்டது.
மஞ்சு என்றால் அப்படியொரு மஞ்சு,
கண்ணாடி மேல் யாரோ மோரை ஊற்றிவிட்டுப் போனதுபோல.
டிரைவர் போஜன் ஹெட்லைட்டை ஏற்றினார், இறக்கினார்,
"ரோடு எங்கேன்னே தெரியலைங்க" என்று
எங்களைத் திரும்பிப் பார்த்தார்,
ஏதோ நாங்கள்தான் அதை எடுத்து ஒளித்ததுபோல.

பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்தார்.
ஒன்றும் பேசவில்லை. இறங்கினார்.
போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு
ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடக்க ஆரம்பித்தார்.
அவர் பின்னால் பஸ்,
பெரிய கன்றுக்குட்டி மாதிரி.
நான் முதல் சீட்டு.
பார்த்ததெல்லாம் ஒரு முதுகு, ஒரு காக்கி ஸ்வெட்டர்,
வலது முழங்கையில் கிழிசல்,
அதன்மேல் பச்சை நூலால் அவசரத் தையல்.

கட்டபெட்டு விளக்குகள் தெரிந்ததும் பஸ் வேகமெடுத்தது.
அவர் ஏறினாரா, அங்கேயே நின்றுவிட்டாரா,
யாரும் கவனிக்கவில்லை. நானும்.
ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
குளிர் உள்ளே வரும் என்று திறக்கவில்லை.

எனக்கு வேலை மின்வாரியத்தில், பணம் கட்டும் கவுன்ட்டரில்.
அரைவட்டத் துளை வழியாக
மனிதர்கள் எனக்கு முழங்கை வரைதான் வருவார்கள்.
மறுநாளிலிருந்து தேடினேன்.
பச்சை இல்லை.
வேறு என்னென்னவோ இருந்தன.
கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்நுனிகள்,
கேரட் கழுவிக் கழுவி வெடித்த தோல்,
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய சர்வீஸ் நம்பர்,
மழையில் அழியாமலிருக்க
வழியெல்லாம் அதை மூடியே வந்த விரல்கள்.
பதினோரு வருஷமாக இந்தத் துளைக்குள்தான் வந்துபோகின்றன.
நான் ரூபாயை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருவேளை இவராயிருக்கலாம் என்று
சில்லறை இல்லாதவருக்கு என் டப்பாவிலிருந்து கொடுத்தேன்.
ஊசியில் அந்த நூலைக் கோத்த கை இதுவோ என்று
ஓர் அம்மாவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.
பக்கத்து கவுன்ட்டர் ஜூலியட் கேட்டாள்:
"என்னடி, புரமோஷனா?"

இப்படிச் சொன்னால் நான் நல்லவளாகிவிட்டதுபோல் இருக்கிறது.
இல்லை.
மார்ச் கடைசியில், கணக்கு முடிக்கும் நாளில்,
மூன்றடித்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்தார்.
"டைம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க."
வாதாடவில்லை. "சரிங்கம்மா" என்று
கார்டை மடித்துப் பையில் வைத்தார்.
ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டிருந்தார்,
முழங்கை தெரியவில்லை.
கோடநாட்டிலிருந்து வந்தவர் என்று வாட்ச்மேன் பெள்ளன் சொன்னதும்
படியிறங்கி ஓடினேன். பஸ் போயிருந்தது.
அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்.
இறங்கியது. ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று
வீட்டுக்காரரிடம் எரிந்தும் விழுந்தேன்.

மறுநாள் அவர் வந்தார்.
எழுந்து நின்றேன்.
நிற்பவளுக்கு அந்தத் துளை எட்டாது என்று அப்போதுதான் தெரிந்தது.
குனிந்து, "நேத்து தப்பு என் மேலங்க" என்றேன்.
பயந்துவிட்டார்,
ஃபைன் போட்டுவிட்டேனோ என்று.

நேற்று மறுபடி மஞ்சு.
அதே ரோடு, புது டிரைவர்.
நான் இறங்கினேன்.
தைரியமெல்லாம் இல்லை,
என் சீட்டுதான் கதவோரம்.
போனில் சார்ஜ் ஒன்பது.
கால் வைக்கிற அளவுக்குக் கோடு,
அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.
முதுகில் நாற்பது பேரின் கனம்.
தேயிலைக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது,
காட்டெருமையாக இருக்கலாம்,
முருகா என்றேன்.
வளைவு வருவதற்குள் டார்ச் அணைந்தது.

பின்னால் செருப்புச் சத்தம்.
வேறொரு வெளிச்சம் என் காலடிக்கு வந்து
என்னைத் தாண்டாமல் கூடவே நடந்தது.
"தேங்க்ஸ்ங்க" என்றேன்.

முழங்கையைப் பார்க்கவில்லை.