ஈவும் மீதியும்

கிளைபெடா துறைமுகத்தில்
படகுச் சீட்டு விற்பவள் நான்.
இருபத்தாறு வருடமாய்க் கண்ணாடித் துளை வழியே
சில்லறை வாங்கிச் சில்லறை தந்து
எதைக் கண்டாலும் வகுத்துப் பார்க்கும் புத்தி.

விலையை நாட்களால் வகுக்க வேண்டும்.
ஒரு நாளைக்கு என்ன விழுகிறதோ அதுதான் விலை.
கடையில் ஒட்டியிருப்பது வெறும் காகிதம்.

என் மழைக்கோட்டு நானூற்றிருபது லித்தாஸ்.
"புத்தி பிசகிவிட்டதா?" என்றான் ரிம்விதாஸ்.
அந்த மாதம் முழுக்க
உருளைக்கிழங்கும் புளித்த பாலும்தான்.
அவன் குடை வாங்கினான்,
ரயில் நிலைய வாசலில், அடிமாட்டு விலைக்கு.
பால்டிக் காற்றுக்குக் குடை என்றால் கொள்ளைப் பிரியம்.
பத்து வருடத்தில் இருபத்தொரு குடை
கம்பி பிதுங்கி, துணி கிழிந்து,
செத்த வௌவால்களாய்க் குப்பைத் தொட்டியில்.
கோட்டு இன்றும் கதவின் பின்னால் தொங்குகிறது.
மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம்.

எல்லாவற்றிலும் ஜெயித்தேன் என்று சொல்ல வரவில்லை.
முந்நூற்று முப்பதுக்கு ஒரு ரொட்டி எந்திரம் வாங்கினேன்.
சுட்டது மூன்றே முறை.
ஆக, ரொட்டி ஒன்று நூற்றுப்பத்து.
சமையலறை மேல்தட்டில் உட்கார்ந்து
போகும்போதும் வரும்போதும்
என்னைக் கணக்குக் கேட்டது.
வகுத்தலில் ஈவு உண்டு,
இரக்கம் கிடையாது.

பிரிவதென்று முடிவானதும்
வக்கீல் யூர்கிதாவின் மேஜையில்
பட்டியல் போட்டோம்.
சோபா அவனுக்கு. கார் அவனுக்கு.
சுவரை அடைத்த தொலைக்காட்சி அவனுக்கே.
எனக்கு டப்பாத் திறப்பான்.

பேனா நின்றது.
"என்னது?"
"டப்பாத் திறப்பான். மரப்பிடி போட்டது."

கல்யாணமான வாரம் வாங்கினோம்,
எண்பத்தெட்டில், நாற்பத்தைந்து கோபெக்குக்கு.
அதற்கப்புறம் ரூபிள் செத்தது.
மிருகப் படம் போட்ட கூப்பன் பணம்
வந்த சுவடு தெரியாமல் போனது.
லித்தாஸை எண்ணிப் பழகிய விரல்கள்
ஒரு ஜனவரியில் யூரோவுக்கு மாறின.
திறப்பானுக்கு எதுவும் தெரியாது.
புகையூட்டிய மீன் டப்பாவின் விளிம்பை
முதல் நாள் கடித்த மாதிரியே கடிக்கிறது.

அதுவரை எதற்கும் வாய் திறக்காதவன்
"அது எனக்கும் வேண்டும்" என்றான்.

ஒன்றரை மணி நேரம்.
கொடுத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது உண்மை.
பிடியில் தேய்ந்திருந்த பள்ளம்
என் கட்டைவிரலுக்கா அவன் கட்டைவிரலுக்கா
என்று இருவருமே வைத்துப் பார்த்தோம்.
இருவருக்கும் பொருந்தித் தொலைத்தது.
யூர்கிதா கடிகாரத்தைப் பார்த்தாள்;
அவளுக்கு மணிக்கு அறுபது யூரோ.
நாற்பத்தைந்து கோபெக் சாமான்
எங்கள் கண்ணெதிரே விலை ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் திறப்பான் என் பக்கம் வந்தது.
"அப்படியானால் அந்த ரொட்டி எந்திரத்தைக் கொடு" என்றான்,
வீம்புக்கு.
தூசியோடு தூக்கிக் கொடுத்தேன்.

போன வியாழன், ஏழு மணிப் படகு.
பக்கவாட்டில் ஆலங்கட்டி மழை.
உட்புறம் வெளிப்புறமாய்த் திரும்பிய குடையோடு
வரிசையில் நின்றான்.
முறை வந்ததும் துணியில் சுற்றிய ஒன்றைத்
துளைக்குள் தள்ளப் பார்த்தான்; நுழையவில்லை.
பக்கக் கதவைத் திறந்து வாங்கினேன்.
இன்னும் சூடாக இருந்தது.

"ஐம்பத்து மூன்றாவது" என்றான்.
எண்ணியிருக்கிறான்!

என் மூன்றையும் சேர்த்தால் ஐம்பத்தாறு.
முந்நூற்று முப்பதை வகுத்தேன்,
செலாவணி போன அதே பணத்தில்.
ஈவு ஐந்து.
மீதி ஐம்பது.

மீதியை என்ன செய்வதென்று யோசிப்பதற்குள்
பின்னால் நின்றவர் இருமினார்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்,
சில்லறையையும்.