கொள்ளளவு

செம்புக் கொப்பரையின் கழுத்தில் இன்னும் இருக்கிறது
வெட்டிய எழுத்தில்: நானூற்று இருபது காலன்.
தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக்கி
அடியில் விளக்கு வைத்திருக்கிறார்கள்.
என் படிவத்தில் கேள்வி வேறு.
ஆள் எத்தனை கொள்ளும்?

டர்பன் மாநகரத் தீயணைப்பு, தடுப்புப் பிரிவு,
ஆய்வாளர் பிரமிளா படையாச்சி.
கையில் அளவு நாடா, டார்ச்,
இரண்டு பேனா. ஒன்று எழுதாது,
எது என்று எப்போதும் மறந்துபோகும்.

வெள்ளிக்கிழமை திறப்பு.
வாற்கோதுமையை முளைக்கப் போட்ட மாடியில்
இனி ஜாஸ்.
பீப்பாய் உருண்ட கிடங்கில் நாற்பது மேசை.
ஐஸ் அறையில் ஓவியங்கள், குளிர்ச்சி இல்லாமல்.
உணவுப் பட்டியலில் பன்னி சௌ கூட உண்டு,
ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றும் அதே பன்னி சௌ,
தீப்பெட்டி அளவில்.
அந்த விலைக்கு நான்
ஒரு வாரம் மதியம் சாப்பிடுவேன்.

நீளம் பெருக்கல் அகலம்.
மேசை கழித்து, மேடை கழித்து,
கொப்பரை நிற்கும் வட்டத்தையும் கழித்து
முந்நூற்றுப் பன்னிரண்டு.
இத்தனை பேருக்கு இரண்டு வழி போதாது என்றேன்.

மூன்றாவது வழி ஒன்று இருந்திருக்கிறது.
சிவப்புச் செங்கல் சுவரில்
வெளிறிய செங்கலாக, ஆள் உயரத்துக்கு.
கறுப்பு வேலையாட்கள் வந்துபோன பக்கவாசல்.
அடைத்தது யார், எந்த ஆண்டு,
காகிதம் இல்லை.

கட்டடக் கலைஞர் நோம்ஃபுண்டோ
அந்த வெளிறலின் மேல் கை வைத்துக்கொண்டு பேசினாள்:
"இதற்காகத்தான் இந்த வேலையையே எடுத்தேன்.
வருகிறவர்கள் பார்க்கட்டும்,
இங்கே ஒரு கதவு இருந்தது, மூடினார்கள் என்று.
தழும்பைத் திறந்துவிட்டால் தழும்பு எங்கே?"

நல்ல கேள்வி. படிவத்தில் இடமில்லை.
புகைக்குத் தழும்பு தெரியாது,
கதவுதான் தெரியும் என்றேன்.
அவள் என்னோடு
அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

புதன் காலை உடைத்தார்கள்.
முதல் செங்கல் வெளியே விழுந்ததும்
ஓட்டையில் ஒரு முகம்.
"கடை திறந்தாச்சா?" என்றது.

பெக்கிசிசா. அப்படித்தான் பெயர் சொன்னார்.
அட்டை, போர்வை, சக்கரம் ஒன்று போன
சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி.
உள்ளே ரொட்டி அடுப்பைப் பழக்க ஆரம்பித்ததிலிருந்து
சுவர் இந்தப் பக்கம் சுடுகிறதாம்.
ஜூலை மாதம். யாருக்கோ தெரிவதற்குள்
முதுகைக் கொடுத்துப் படுத்துவிட்டார்.
"ஒன்பது ராத்திரி நல்ல தூக்கம்" என்றார்,
ஓட்டலைப் பாராட்டுகிறவர் மாதிரி.

விதி இது:
கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்.
முன்னால் ஒன்றரை மீட்டர்
தடை எதுவும் கூடாது.
தடை என்றால் என்ன என்று
விதி விளக்கவில்லை. பெட்டி, பீப்பாய், வண்டி.

சாயங்காலம் கதவு மாட்டியாயிற்று, பச்சை வண்ணம்.
நாடாவின் நுனியை நோம்ஃபுண்டோ பிடித்தாள்,
மறுநுனி அவர் அட்டை வரைக்கும்.
ஒன்று புள்ளி ஒன்று.
"நாற்பது சென்டிமீட்டர் தள்ள வேண்டும், ஐயா."
"நாற்பது என்றால் எவ்வளவு?"
கையை விரித்துக் காட்டினேன்.
மீன் பிடித்தவன் காட்டுவதுபோல
கொஞ்சம் கூடவே காட்டிவிட்டேன் போல,
சிரித்தார்.

இழுத்தார். அட்டை கிழிந்தது.
மீண்டும் அளந்தோம்.
ஒன்று நாற்பத்தியாறு.
அதற்கு மேல் சாக்கடை.
சுவரின் சூடு அங்கே வராது,
கதவைத் தொட்டுப் பார்த்தேன், இரும்பு, ஜில்லென்றிருந்தது.

நோம்ஃபுண்டோ என்னைப் பார்த்தாள்.
நாடாவைப் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருடத்தில்
ஒரு மில்லிமீட்டர் நான் விட்டுக்கொடுத்ததில்லை,
கோயில் பந்தலுக்குக் கூட.
ஒன்று ஐம்பது என்று எழுதப் போனேன்.
எழுதாத பேனா.

மற்றதை எடுத்தேன்.