கரண்ட் போன பிறகு

சைதாப்பேட்டை மார்க்கெட்டில்
அற்புதமேரி அக்காவிடம் பாலக் இரண்டு கட்டு.
"கூட்டா, பொரியலா?" என்றாள்.
எலெக்ட்ரான் எண்ண, என்று சொல்லியிருக்கலாம்.
"கூட்டு" என்றேன்.

கிண்டி, மூன்றாம் மாடி.
ஒரு கட்டை மட்டும் காம்பு கிள்ளி
ஐஸில் குளிரவைத்து அரைத்து
எட்டு மடிப்பு மல்துணியில் பிழிந்து
சுற்றவிட்டு அடியில் தங்கிய பச்சையை
இருட்டில் வைத்திருந்தேன்.
அதில் துளி நீலச்சாயம்.
எலெக்ட்ரான் வந்து சேர்ந்தால் நீலம் போகும்.
அவ்வளவுதான் சோதனை.

விளக்கைப் போடப்போன நேரம் கரண்ட் போயிற்று.
மே மாதம். ஃபேன் கடைசிச் சுற்றை
இழுத்து இழுத்து நின்றது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையென்று
படியிறங்கிக்கொண்டே கத்தினார் தணிகைவேல்.

குழாயோடு ஜன்னலுக்குப் போனேன்.

வெயில் பட்டதும்
(கணம் என்பதே அங்கே ஒரு யுகம்)
பச்சைய ஜோடி ஒன்று
தன் எலெக்ட்ரானைப் பறிகொடுத்து
வெறிகொண்டு திரும்பும்.
தண்ணீரையே கிழிக்கும் வெறி.
லேசில் எதையும் தராத தண்ணீர்
நான்கு மாங்கனீசு அணுக்களின் பிடியில்
ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று என
நான்காவதையும் கொடுத்த பிறகு
ஆக்சிஜனாய் வெளியே போகும்.
நான் இழுத்துவிட்ட மூச்சு
எந்த இலையின் நஷ்டமோ.

கீழே தெருவில் தண்ணி லாரி.
இடுப்பில் ஒன்று கையில் ஒன்று
இரண்டு குடத்தோடு ஒருத்தி போகிறாள்.
சவ்வின் கொழுப்புக்குள்ளும் ஒருத்தி உண்டு.
இரண்டிரண்டாய் ஏற்றிக்கொண்டு
நெரிசலில் முட்டிமோதி
அக்கரையில் இறக்கிவிட்டு
காலியாய்த் திரும்புகிற சின்ன மூலக்கூறு.
மற்றதெல்லாம் மின்னல்,
இவள் மட்டும் நடை.
இவள் நடைதான் இலையின் வேகம்.

சர்க்கரைக்குப் போகவேண்டியதை
பாதிவழியில் மறித்துக்கொண்டது என் சாயம்.
ஓரத்திலிருந்து வெளுத்தது,
துவைத்துத் துவைத்து
காலர் நிறம் போகிற மாதிரி,
ஆனால் சத்தமில்லாமல்,
அரை நிமிஷத்தில்.

ஸ்டாப்வாட்ச்சை அழுத்தவே இல்லை.
நோட்டில் எழுதினேன்:
குழாய் ஏழு, செல்லாது.

ஃபியூஸைப் பிடுங்கிச் செருகிவிட்டு
கீழிருந்து குரல் கொடுத்தார் தணிகைவேல்:
"மேல கரண்ட் வந்துச்சா மேடம்?"

குழாயைப் பார்த்துக்கொண்டே
"வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.
பாவம், நம்பிப் போய்விட்டார்.

மேஜையில் மீந்த கட்டு
வாடத் தொடங்கியிருந்தது.
வீட்டுக்கு எடுத்துப்போய்
பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன்.
அன்று சொன்ன இரண்டு பொய்யில்
ஒன்றாவது கணக்கில் கழிந்தது.