கதவில் ஒரு மகன்

திடலில் புல் இன்னும் காயவில்லை.
வரிசையில் ஒன்பதாவதாக நின்றது,
எட்டுச் சக்கர ஃபோடன்.
பச்சை உடம்பு, பாலாடை நிறப் பட்டை.
ரேடியேட்டரில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.
எங்களிடம் இருந்தவரை
சிலேட்டுத் தூசியும் ஆட்டுப் புழுக்கையும்தான் அதற்கு நகை.

பதினொரு வருடம் அதற்குக் கணக்கு எழுதியவள் நான்.
டீசல், டயர், அபராதம்,
ஓட்டுநர்கள் எடுக்காத ஓய்வு.
டோல்கெத்லாய் பக்கம்
ரயில் வருவது நின்றுபோன ஒரு நிலையம் எங்கள் அலுவலகம்.
டிக்கெட் ஜன்னல் வழியாகச் சம்பளம் கொடுப்பேன்.
வாங்கிக்கொண்டு, "லண்டனுக்கு ஒன்று" என்பான்
யாராவது ஒருவன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.

கதவில் பெயர் எழுத வந்தவன் டெகிட்.
அளக்காமல் ஆரம்பித்தான்.
'பென்றி ஆர்விக் & மகன்' வரை வந்ததும்
கைப்பிடி குறுக்கே நின்றது.
மகன்கள் இரண்டு பேர்.
இடம் ஒருவனுக்குத்தான் இருந்தது.
பெரியவர் தள்ளி நின்று பார்த்தார்.
சொட்டு மது தொடாத சபைக்காரர்.
"கள் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது" என்றார்.
இரண்டு எழுத்துக்கான கூலியை மட்டும்
பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு அவர் வண்டிகள் உருளாது.
இரவு பதினொன்றரைக்கே ஹெவின் எஞ்சினைக் கிளப்பிவிடுவான்.
நகராத சக்கரம் ஓய்வுநாளை மீறாது என்பது
அப்பனும் மகனும் கண்டுபிடித்த வேதம்.
அரைமணி நேரம் தெருவே அதிரும்.
பன்னிரண்டு அடித்துத் தீரும் முன்
பாலம் தாண்டியிருப்பான்.

ஷாட்டன் ஆலையிலிருந்து நேரத்துக்கு இரும்பு வந்து சேர்ந்தால்
கதவில் இருப்பது நான்தான் என்பான் ஈதெல்.
பாரம் மீறியதற்குச் சம்மன் வந்தால்
"ஒருவன் பேர்தானே போட்டிருக்கிறது, அவனைக் கேள்."
ஹெவினும் அதையேதான் சொல்வான், ஆளை மட்டும் மாற்றி.
முதலில் சிரித்தோம். நானும்தான்.

அப்புறம் அந்த மார்ச் மாதம்.
ஓயர்த்ரூஸ் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டது.
ஒன்பது டன் கோரிஸ் சிலேட்டு
சீட்டுக்கட்டு மாதிரி மலைச்சரிவில் விரிந்தது.
ஆள் யாரும் சாகவில்லை. இரண்டு ஆடு.
ஓட்டிக்கொண்டு போன இவானுக்கு ஒரு காது மட்டும்
அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை.
காப்பீட்டுப் படிவத்தில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன்.
பேனா நடுவில் கிடந்தது.
தேநீர் ஆறி ஏடு கட்டும்வரை
யாரும் எடுக்கவில்லை.

குடிதான் முழுகியது.
லாரிகள் ஏலத்துக்குப் போயின, கடைசியில் இதுவும்.
பெரியவரின் சவ ஊர்வலத்தில்
முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார்,
நடுவில் அவர்.

இதை மீட்டெடுத்தவர் செஷயரில் பல் மருத்துவராக இருந்தவராம்.
கோழிப்பண்ணை ஒன்றில், கூரை இல்லாமல், கண்டெடுத்தாராம்.
எங்கள் இன்னொரு வண்டியின் புகைப்படத்தைப் பார்த்து
கதவை எழுதச் சொல்லியிருக்கிறார்.
'பென்றி ஆர்விக் & மகன்கள்.'
எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கி
இருவரையும் உட்கார வைத்தாயிற்று.
கைப்பிடிக்கு முன்னால் இரண்டு விரல் இடம் மிச்சம்.

வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்தான்.

"நீங்கள் அங்கே வேலை பார்த்தவராமே,
எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்றார்.
பொய்க் கணக்கு எழுதிப் பழகிய கை என்னுடையது.
"அப்படியே இருக்கிறது" என்றேன்.

சந்தோஷத்தில் எஞ்சினைக் கிளப்பிக் காட்டினார்.
கார்ட்னர் இருமித் தொண்டையைச் செருமியது.
ஒன்று, இரண்டு,
மூன்றாவது சிலிண்டர் ஒரு மூச்சு பிந்தி.

"இதை மட்டும் சரிசெய்ய முடியவில்லை" என்று
வெட்கத்தோடு சொன்னார் பல் மருத்துவர்.
நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.
பன்னிரண்டு அடிக்க
இன்னும் நேரம் இருந்தது.