யாருக்குப் பூச்சி?

சீட்டை வாங்கிப் பார்த்த லியோங் அக்கா
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.
"வீட்ல யாருக்குப் பூச்சி?"
பகாவ் சந்தைக்காரர்கள் தமிழைத்
தராசில் போடுகிறமாதிரிதான் பேசுவார்கள்.
"நாய் வளக்கிறியா?"

நாய் இல்லை அக்கா. எலும்பு.

இடது முழங்காலில் ஆரம்பம்.
அறுத்து, உலோகம் வைத்து,
ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டு
பத்தொன்பது மாதம் நடந்தேன்.
இப்போது நுரையீரலில் இரண்டு புள்ளி.

சிரம்பானில் டாக்டர் ஸக்கியா சுற்றி வளைக்கவில்லை.
பெரிய மருந்துகளை உன் உடம்பு பார்த்துவிட்டது என்றாள்.
இது பழைய மாத்திரை,
குடல்புழுவுக்கென்று பிறந்தது.
கண்ணாடித் தட்டில் சில செல்கள் செத்தன,
எலிகளுக்குக் கொஞ்சம் நல்லது நடந்தது,
மனிதர்களை இனிமேல்தான் எண்ண வேண்டும்.
பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன்,
சம்மதமென்றால் கையெழுத்துப் போடு.

எல்லாம் மலாயில்.
அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது
பலிக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இதையா? வருசத்துக்கு ரெண்டு தடவை
பள்ளிக்கூடத்துல கொடுத்தாங்களே ரூபேந்திரா,
அப்பப் போட்டது பத்தலையா?"

வரிசையில் நின்று வாங்கி
நாக்கடியில் ஒதுக்கி
சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கால்வாயில்
துப்பினதை எப்படிச் சொல்ல?
கசப்பு மட்டும் இன்னும் ஞாபகம்.

திரும்பும் வழியில் இரண்டு பக்கமும் செம்பனை.
பால்மரம் நின்ற அதே மண்.
மண்ணுக்கு அதைப் பற்றி
ஒரு கருத்தும் இருந்ததாகத் தெரியவில்லை.

லியோங் அக்கா பழக்கதோஷத்தில்
பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதியிருந்தாள்:
வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சாப்பிடவும்.
தம்பி படித்துக் காட்டினான்.
அது பூச்சிக்கும்மா, எனக்கில்லை என்றேன்.
கேட்கிற ஆளா.

இரவு ஒன்பது மணி, மைலோ ஆறுகிறது.
குலை லாரி ஓட்டிவிட்டு வந்த அப்பா
கையைக் கழுவாமல் உள்ளங்கையை நீட்டினார்.
அம்மா, தம்பி, பிறகு நான்.
நான்கு தொண்டைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கின.

இந்த முறை துப்பவில்லை.

எட்டு வாரம் கழித்து ஸ்கேன், வியாழக்கிழமை.
தம்பி வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டான்,
"நாளைக்கு எனக்கு என்ன வெளிய வரும்?"
முதலில் சிரித்தது அம்மா.