பயிற்சி அற்றோர்

மூச்சை அடக்கத் தேவையில்லை என்றார்கள்.
பழக்கத்தில் அடக்கிக்கொண்டே படுத்தேன்.
இயந்திரக் கை
என் இடுப்புக்கு மேலால் மெல்லப் போய் வந்தது,
விழுத்திய தோட்டைத் தேடுகிறவர் போல.

மைதானத்து மதிலோரம் ஆய்வு வண்டி.
நாற்பத்தொரு பேர், எல்லோரும் ஆண்கள்,
பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில்.
முப்பாய்ச்சல், கரப்பந்து, நீச்சல் என்று
எங்களைப் பிரித்திருந்தார்கள்.
கடைசி நிரலின் தலைப்பு:
பயிற்சி அற்றோர்.

நான் நீச்சல்.
உப்புவெளியில் விடியமுன் நாலு கிலோமீற்றர்,
ஏழு வருசமாக.
என் தோளுக்குத் தையற்காரர்
நாடாவை இரண்டுமுறை பிடிப்பார்.

தாள் வந்தது.
முள்ளந்தண்டின் அடர்த்தி,
வயதுக்கு எதிர்பார்த்ததிலும் கொஞ்சம் கீழே.

சுகிர்தன் மிதித்தெழும் இடது காலில்
எலும்பு வலதைவிடக் கனமாம்.
தரையை அவன் உதைத்த ஒவ்வொரு தடவையும்
தரை அவனை உதைத்திருக்கிறது.
என்னைக் கடல் ஒருநாளும் அடித்ததில்லை.
ஏந்தி ஏந்தியே வளர்த்தது.
உள்ளே இருந்த எலும்புக்கு
நான் எத்தனை கிலோ என்று
யாரும் சொல்லவில்லை.

முழுப் பட்டியலிலும் மேலே நின்றவன்
ஜவாத், கிண்ணியா, வயது இருபத்தொன்று,
பயிற்சி அற்றோர்.
மீன்சந்தையில் ஐஸ் பெட்டி இறக்குகிறவன்.
பதினைந்து வயதிலிருந்து
தோளில் பெட்டியோடு லொறியிலிருந்து குதிக்கிறான்,
ஒரு இரவுக்கு அறுபது, எழுபது தரம்.
ஆய்வுக்கு வந்தது
சோற்றுப் பார்சலுக்கும் பஸ் காசுக்கும்.

தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான்.
"இதக் காட்டினா
முதலாளி கூலி கூட்டுவாரா?"

வண்டிக்குள் இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை.
ஒருத்தர் அவனுக்கு
இன்னொரு பார்சல் கொடுத்தார்.

இப்போது நீந்தி முடிந்ததும்
இறங்குதுறைக் கொங்கிறீற்றில் குதிக்கிறேன்.
மணல் சரிவராது, அதுவும் ஏந்திவிடும்.
வெறுங்காலோடு பத்து, இருபது.
வலை இழுக்கிறவர்கள்
முதல் நாள் சிரித்தார்கள்,
இரண்டாம் நாள் பார்க்கவேயில்லை.
முப்பதாவதில் அதிர்வு
குதிக்காலால் ஏறிப் பல்லில் முட்டுகிறது.
பரவாயில்லை, இன்னும் வயதிருக்கிறது,
இருபது தானே.

வீதியில் ஐஸ் லொறி போகிறது,
பின்னால் ஈரக் கோடு இழுத்தபடி.
ஜவாத் மேலே இருக்கிறான்,
பெட்டிகளுக்கு நடுவே,
வாய் திறந்து நித்திரை.